யூதர்களின் புத்தாண்டு: கணக்குப் பார்க்கும் நாள்

பத்திரிகைத் துறைக்குள் நான் காலடி எடுத்து வைத்த 1990 களின் முற்பகுதியில், கொழும்பில் எனக்கு முதலில் ஒப்படைக்கப்பட்ட பணி வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்ப்பதாகும். ரெலிபிரின்டர் இயந்திரம் துப்பித் தள்ளும் தாள்களைக் கிழித்தெடுத்து, எது முக்கியம், எது முக்கியமல்ல என்று தரம் பிரித்து, இரவு பத்து மணிக்கு முன்னர் தமிழாக்கி அச்சுக்குக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுதோறும் செப்டெம்பர் மாதமளவில் தவறாமல் வருகின்ற செய்தியொன்று உண்டு. யூதர்களின் புத்தாண்டை முன்னிட்டு மேற்குக் கரையினதும் காஸாவினதும் கடவைகளை இஸ்ரேல் மூடியிருக்கிறது என்பதே அது. மூன்று வரிகளில் அதை முடித்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விடுவது எனது வழக்கம்.

ஒரு தடவை அச்செய்தியைச் செம்மைப்படுத்திய மூத்த உதவி ஆசிரியர், "தம்பி, இது அவர்களுடைய நாட்காட்டியில் ஏழாவது மாதம். ஏழாவது மாதத்தில் எப்படியப்பா புத்தாண்டு வரும்?" என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் கலைப்பீடத்தில் படித்துப் பட்டம் பெற்றவன் என்ற மிதப்பு எனக்கு அப்போது நிறையவே இருந்தது. ஆனால், அந்தக் கேள்விக்குப் பதில் தெரியவில்லை. 'அவர்களுடைய வழக்கம் அப்படி ஐயா' என்று மழுப்பினேன். அவர் சிரித்துக்கொண்டு தாளைக் கையில் தந்துவிட்டுப் போனார். அவர் இன்று உயிருடன் இல்லை. அவருக்கு அன்று சொல்லாத பதிலைத் தேடிப் பல ஆண்டுகளாக வாசித்ததன் விளைவே இக்கட்டுரை.

ஏழாவது மாதத்தின் முதல் நாள்

யூதர்களின் புத்தாண்டு எபிரேய மொழியில் 'ரோஷ் ஹஷானா' என்று அழைக்கப்படுகிறது. 'ஆண்டின் தலை' என்பது அதன் நேர்ப்பொருள். நாம் தலைநாள், தலைப்பிறை, தலைத்தீபாவளி என்கிறோமே, அத்தகையதொரு வழக்கு. திஷ்ரி மாதத்தின் முதல் இரு தினங்களிலும் இப்பண்டிகை அனுஷ்டிக்கப்படுகிறது. யூத நாட்கள் மாலையில் தொடங்குபவை என்பதால் பண்டிகையும் சூரியன் மறைவதுடனேயே ஆரம்பமாகிறது. 2025 செப்டெம்பர் 22 ஆம் திகதி மாலை யூதர்களுக்கு 5786 ஆவது ஆண்டு பிறந்தது.

யூத மறைநூலான தோராவில் இந்த நாளுக்குப் புத்தாண்டு என்ற பெயரே இல்லை என்பது பலருக்கு வியப்பளிக்கக்கூடும். யாத்திராகமம் வசந்த காலத்தில் வருகின்ற மாதத்தையே மாதங்களின் முதலாவதாகக் கொள்ளுமாறு பணிக்கிறது. எகிப்திய அடிமைத்தனத்திலிருந்து மக்கள் விடுதலை பெற்ற மாதம் அது. பின்னாளில் அதற்கு நிசான் என்று பெயர் வந்தது. அங்கிருந்து எண்ணினால் திஷ்ரி ஏழாவது மாதமாகும். லேவியராகமமும் எண்ணாகமமும் அந்த ஏழாம் மாதத்தின் முதல் நாளை ஓய்வு நாளாகவும் எக்காளம் ஊதும் நாளாகவும் மாத்திரமே குறிப்பிடுகின்றன. எதற்காக ஊத வேண்டும் என்ற காரணமும் அங்கே கூறப்படவில்லை. 'ரோஷ் ஹஷானா' என்ற சொற்றொடர் எசேக்கியேல் தீர்க்கதரிசியின் நூலில் ஓரிடத்தில் வருகிறதெனினும் அது இப்பண்டிகையைச் சுட்டவில்லை.

கிறிஸ்துவுக்கு முன்னர் 586 ஆம் ஆண்டளவில் பாபிலோனியர் ஜெரூசலத்தையும் அதன் ஆலயத்தையும் அழித்து மக்களைச் சிறைப்பிடித்துச் சென்றனர். நாடு திரும்பியவர்கள் தங்களுடன் பாபிலோனிய மாதப் பெயர்களையும் கொண்டுவந்தனர். திஷ்ரி என்ற பெயர் 'தொடக்கம்' என்று பொருள்படும் அக்காடியச் சொல்லிலிருந்து வந்தது. ஏழாவது மாதத்துக்குத் தொடக்கம் என்று பெயர்! ஊர் இழந்து போனவர்கள் திரும்பி வரும்போது காலத்தை எண்ணும் முறையையும் மாற்றிக்கொண்டு வருவதற்கு இதுவொரு சான்று எனலாம்.

அவ்வாறு திரும்பி வந்தோரின் வாழ்வில் நடந்ததொரு நிகழ்ச்சியை நெகேமியாவின் நூல் பதிவுசெய்திருக்கிறது. ஏழாம் மாதத்தின் முதலாம் நாளன்று ஜெரூசலத்தின் தண்ணீர் வாசலுக்கு முன்னாலுள்ள வெளியில் மக்கள் கூடினர். எஸ்றா என்ற வேதபாரகர் விடியற்காலை முதல் நண்பகல் வரை வேதத்தை வாசித்தார். தாங்கள் மறந்துபோன சட்டங்களைக் கேட்ட மக்கள் அழத் தொடங்கினர். அப்போது தலைவர்கள் அவர்களை அழ வேண்டாமென்று தேற்றி, நல்ல உணவை உண்டு இனிமையானதைப் பருகுமாறும், ஒன்றுமில்லாதவர்களுக்கு அதில் பங்கு அனுப்புமாறும் கூறினர். அழுகை, இனிப்பு, இல்லாதவனுக்குக் கொடுத்தல் ஆகிய மூன்றும் இன்றுவரை இந்தப் பண்டிகையைவிட்டு நீங்கவில்லை.

கிறிஸ்துவுக்குப் பின் 200 ஆம் ஆண்டளவில் தொகுக்கப்பட்ட மிஷ்னா என்ற சட்டத்தொகுப்பு, மூத்த ஆசிரியரின் கேள்விக்குத் தெளிவான பதிலைத் தருகிறது. யூதர்களுக்கு ஒரு புத்தாண்டு அல்ல, நான்கு புத்தாண்டுகள். நிசான் முதலாம் நாள் மன்னர்களின் ஆட்சியாண்டையும் பண்டிகைகளையும் கணிப்பதற்குரியது. எலூல் முதலாம் நாள் கால்நடைகளில் தசமபாகம் கணிப்பதற்குரியது. திஷ்ரி முதலாம் நாள் ஆண்டுகளை எண்ணுவதற்கும், நிலத்தைத் தரிசாக விடுகின்ற ஏழாவது ஆண்டைக் கணிப்பதற்கும் உரியது. மரங்களுக்குரிய புத்தாண்டு ஷெவாத் மாதத்தில் வருகிறது. அது முதலாம் நாளா, பதினைந்தாம் நாளா என்பதில் ஷம்மாய், ஹில்லேல் ஆகிய இருவரின் மாணாக்கர் பரம்பரைகளும் முரண்பட்டன. ஹில்லேல் மரபினரின் பதினைந்தாம் நாளே நிலைத்தது. அரசாங்கத்துக்கு ஒரு நிதியாண்டும் பாடசாலைக்கு இன்னொரு ஆண்டும் இருப்பதைப் போன்றது இது என்று கொண்டால் குழப்பமில்லை.

நாளைத் தீர்மானிப்பவர் யார்?

வேறு பல பண்டிகைகளின் புனித நாட்கள் இஸ்ரேலில் ஒரு நாளும் வெளிநாடுகளில் இரு நாட்களுமாக அனுஷ்டிக்கப்படும்போது, ரோஷ் ஹஷானா மாத்திரம் இஸ்ரேலிலும் இரு நாட்களாக அனுஷ்டிக்கப்படுவதற்கு ஒரு காரணமுண்டு. முற்காலத்தில் பிறையைக் கண்டதாக இருவர் நேரில் வந்து சாட்சியம் கூறிய பின்னரே நீதிமன்றம் புதுமாதத்தைப் பிரகடனம் செய்தது. மலை உச்சிகளில் தீமூட்டி அச்செய்தியைத் தொலைவிலுள்ளோருக்கு அறிவித்தனர். சமாரியர்கள் தவறான நாட்களில் தீமூட்டிக் குழப்பியதால் தூதுவர்களை அனுப்பும் முறை வந்ததாக மிஷ்னா கூறுகிறது. அப்பண்டிகைகள் மாதம் பிறந்து சில நாட்களாவது கழிந்த பின்னரே வருபவை. ரோஷ் ஹஷானாவோ மாதத்தின் முதல் நாளிலேயே வருவது. சாட்சிகள் எப்போது வருவார்கள் என்பது ஜெரூசலத்திலேயே தெரியாது. ஆகவே இரு நாட்களையும் புனிதமாகக் கொள்ளும் வழக்கம் ஏற்பட்டது.

நாளைக் குறிப்பது சமய விவகாரம் மட்டுமல்ல. அது அதிகாரம் சம்பந்தப்பட்டதும் கூட. முதலாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இரண்டாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் வாழ்ந்த கமாலியேல் என்ற தலைவர் திஷ்ரி மாதப் பிறை தொடர்பான சாட்சியமொன்றை ஏற்றுக்கொண்டார். யோசுவா என்ற மூத்த அறிஞர் அச்சாட்சியம் பிழையென்று கருதினார். யோசுவாவின் கணக்கின்படி மகா பரிசுத்த நாளாகிய யோம் கிப்பூர் எந்த நாளில் வருகிறதோ, அந்த நாளில் கைத்தடியுடனும் பணத்துடனும் தம்மிடம் வருமாறு கமாலியேல் கட்டளையிட்டார். அப்புனித நாளில் இவ்விரண்டையும் கொண்டு பயணம் செய்வது பெருங்குற்றம். யோசுவா மனம் வருந்தினார். ஆயினும், சமூகம் இரண்டாகப் பிளந்துவிடக் கூடாது என்பதற்காகப் போனார். கமாலியேல் எழுந்து நின்று அவரது தலையில் முத்தமிட்டு, அறிவில் நீர் எனக்கு ஆசான், என் சொல்லை ஏற்றதால் மாணவர் என்ற கருத்தில் வரவேற்றதாக மிஷ்னா கூறுகிறது. தான் சொல்வது சரியென்று தெரிந்திருந்தும் ஒருவர் பணிந்துபோனதை இழிவென்று கருதாமல், அதைப் பெருமையுடன் எழுதிவைத்திருக்கிறார்கள்.

பின்னர் சாட்சியங்கள் கைவிடப்பட்டு, கணித முறையிலான நாட்காட்டி வந்தது. 358 ஆம் ஆண்டளவில் இரண்டாம் ஹில்லேல் அதை நிலைநிறுத்தினார் என்பது மரபு. சந்திர மாதங்களைக் கொண்ட ஆண்டை சூரியப் பருவங்களுடன் இணங்கச் செய்வதற்காகப் பத்தொன்பது ஆண்டுகளில் ஏழு தடவைகள் பதின்மூன்றாவது மாதமொன்று சேர்க்கப்படுகிறது. இதனால் புத்தாண்டு செப்டெம்பர் முற்பகுதிக்கும் ஒக்டோபர் முற்பகுதிக்குமிடையில் அசைந்துகொண்டிருக்கும். ஞாயிறு, புதன், வெள்ளி ஆகிய கிழமைகளில் அது ஒருபோதும் தொடங்காது. புதனிலோ வெள்ளியிலோ தொடங்கினால் யோம் கிப்பூர் விரதம் சனிக்கிழமை ஓய்வு நாளுக்கு முன்னாலோ பின்னாலோ ஒட்டிக்கொண்டு வந்துவிடும். ஞாயிறில் தொடங்கினால் கூடாரப் பண்டிகையின் ஏழாம் நாள் சனிக்கிழமையில் விழுந்து அதற்குரிய சடங்குகளுக்கு இடையூறாகும்.

கணிதம் வந்த பின்னரும் சண்டை ஓயவில்லை. 921 ஆம் ஆண்டில் பலஸ்தீனத்து அறிஞரான பென் மெயிர் வெளியிட்ட கணிப்பைப் பாபிலோனிய அறிஞர்கள் ஏற்க மறுத்தனர். அவர்களுக்குத் துணையாக நின்றவர் புகழ்பெற்ற சாதியா. ஒரு மணித்தியாலத்தின் ஒரு பகுதி தொடர்பான கருத்துவேறுபாடு அது. ஆனால், அதன் விளைவாக 922 ஆம் ஆண்டில் ஒரே மக்கள் பஸ்கா பண்டிகையையும் புத்தாண்டையும் வெவ்வேறு நாட்களில் கொண்டாடினர். இறுதியில் பாபிலோனியரின் கணிப்பே நிலைத்தது. புலம்பெயர்ந்த மண்ணில் இருந்தவர்கள் தாயகத்தில் இருந்தவர்களிடமிருந்து நாள்குறிக்கும் உரிமையைப் பெற்றுக்கொண்டனர் என்று இதற்குப் பொருள்.

திறந்திருக்கும் மூன்று புத்தகங்கள்

ரோஷ் ஹஷானா களியாட்டத்துக்குரிய பண்டிகையல்ல. பட்டாசும் இல்லை, ஊர்வலமும் இல்லை. மனிதகுலம் படைக்கப்பட்ட நாளாக இது கருதப்படுகிறது. உலகின் உயிர்கள் அனைத்தும் அன்று இறைவன் முன்னால் ஒவ்வொன்றாகக் கடந்து செல்வதாக மிஷ்னா வர்ணிக்கிறது. அன்றைய தினம் மூன்று புத்தகங்கள் திறக்கப்படுவதாகத் தல்மூத் கூறுகிறது. முழுமையான நல்லவர்களின் பெயர்கள் உடனே வாழ்வின் புத்தகத்தில் எழுதப்படுகின்றன. முழுமையான தீயோரின் பெயர்கள் இன்னொன்றில். இடைப்பட்டவர்களுக்குத் தீர்ப்பு பத்தாம் நாளாகிய யோம் கிப்பூர் வரை ஒத்திவைக்கப்படுகிறது. நம்மில் அநேகர் இடைப்பட்டவர்கள்தானே! சித்திரபுத்திரனாரின் கணக்கேட்டைக் கேள்விப்பட்டு வளர்ந்த நமக்கு இந்தக் கற்பனை அந்நியமானதல்ல. வேறுபாடு என்னவென்றால், சித்திரபுத்திரனார் செத்த பின்னர் ஏட்டைத் திறப்பார். இங்கோ ஆண்டுக்கொரு முறை திறக்கப்படுகிறது. திருத்திக்கொள்வதற்குப் பத்து நாள் அவகாசமும் தரப்படுகிறது.

அந்தப் பத்து நாட்களில் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் இந்த மரபின் கடுமை தெரிகிறது. ஒருவன் இறைவனுக்கு எதிராகச் செய்த பிழைகளுக்கே யோம் கிப்பூர் மன்னிப்புத் தரும். சக மனிதனுக்குச் செய்த தீங்குக்கு, அவனை நேரில் சென்று சமாதானப்படுத்தும்வரை மன்னிப்பு இல்லை என்று மிஷ்னா திட்டவட்டமாகக் கூறுகிறது. பாதிக்கப்பட்டவனைத் தாண்டிக் கடவுளிடம் போய்விட முடியாது. ஆகவே, இந்நாட்களில் யூதர்கள் ஒருவரையொருவர் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்கின்றனர். 'நல்லபடியாக எழுதப்படுவீர்களாக' என்ற கருத்தில் வாழ்த்துக் கூறுகின்றனர்.

சாப்பாட்டு மேசையில் இனிமைக்குக் குறைவில்லை. தேனில் தோய்த்த ஆப்பிள், வட்ட வடிவில் சுட்ட ரொட்டி, மாதுளம்பழம் ஆகியன இடம்பெறும். வாலாக அன்றித் தலையாக இருக்க வேண்டும் என்பதற்காக மீனின் தலையையோ ஆட்டின் தலையையோ வைப்பதும் உண்டு. புத்தாண்டில் சுரைக்காய் வகை, வெந்தயம் அல்லது பயறு என்று பொருள்கொள்ளப்படும் ஒரு தானியம், லீக்ஸ், பீட்ரூட் கீரை, பேரீச்சம்பழம் ஆகியவற்றை முன்னால் வைத்துக்கொள்ளும் பழக்கத்தைத் தல்மூத் காலத்து அறிஞரான அபாயே பரிந்துரைத்தார். ஒவ்வொன்றின் பெயரையும் வைத்துச் சிலேடையாகப் பிரார்த்தனை செய்வது கிழக்கத்தைய யூதர்களின் மரபு. ஐரோப்பிய யூதர்கள் கரட்டைச் சேர்த்துக்கொண்டனர். அவர்கள் பேசிய இத்திஷ் மொழியில் கரட்டுக்குரிய சொல்லே பெருகுதல் என்றும் பொருள்படும். இந்தியாவின் கொங்கணக் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரேல் யூதர்கள் கோதுமைப் பாலுடன் தேங்காய்ப்பால் சேர்த்து அல்வா கிண்டுகிறார்கள். நமது மஸ்கட்டும் திருநெல்வேலி அல்வாவும் அதற்கு ஒன்றுவிட்ட சகோதரங்கள் என்று சொல்லலாம்.

முதல் நாள் பிற்பகலில் கடற்கரைக்கோ ஆற்றங்கரைக்கோ சென்று பாவங்களை நீரில் எறிவதாகப் பாவனை செய்து பிரார்த்திப்பது 'தஷ்லிக்' எனப்படும். பாவங்களைக் கடலின் ஆழத்தில் எறிவதாகக் கூறும் மீகா தீர்க்கதரிசியின் நூலே இதற்கு ஆதாரம். 1427 இல் காலமான ஜேர்மனிய ரபி யாக்கோப் மோலின் இவ்வழக்கத்தைப் பற்றி எழுதியிருக்கிறார். மீன்களுக்கு ரொட்டித் துண்டுகளைப் போடுவதை அவர் விரும்பவில்லை. மக்கள் கேட்கவில்லை, இன்றும் பலர் போடுகின்றனர்.

நமது பிராந்தியத்துடன் யூதர்களுக்கு இருந்த தொடர்பு பழைமையானது. 12 ஆம் நூற்றாண்டின் அரபுப் புவியியலாளர் அல் இத்ரிஸி, இலங்கை மன்னனின் பதினாறு அமைச்சர்களில் நால்வர் யூதர் என்று எழுதியிருக்கிறார். கி.பி. 1000 ஆம் ஆண்டளவில் சேர மன்னன் பாஸ்கர ரவிவர்மன் ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்கு உரிமைகளை வழங்கிய செப்பேடு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. அது கொச்சி யூதர்களின் ஆலயத்தில் தலைமுறை தலைமுறையாகப் பாதுகாக்கப்பட்டு வந்திருக்கிறது. 19 ஆம் நூற்றாண்டில் புசல்லாவையில் றொத்சைல்ட் தோட்டத்தைத் திறந்த டி வேர்ம்ஸ் சகோதரர்கள் யூதர்கள். 1905 இல் யாழ்ப்பாணக் கச்சேரியில் பணியாற்ற வந்த லெனாட் வூல்பும் யூதக் குடும்பத்தில் பிறந்தவரே.

எதிரியின் தாயின் அழுகை

இப்பண்டிகையின் உயிர்நாடி ஷோபர் என்ற ஆட்டுக்கடாவின் கொம்பு. தொழுகைக்கூடத்தில் அது நூறு தடவைகள் ஊதப்படுவது இன்றைய வழக்கம். உறங்குகின்றவர்களைத் தட்டியெழுப்பித் தமது செயல்களைச் சோதித்துப் பார்க்கச் செய்வதே அவ்வொலியின் நோக்கம் என்று 12 ஆம் நூற்றாண்டின் பேரறிஞர் மைமோனிடிஸ் விளக்கினார். புத்தாண்டு சனிக்கிழமையில் வந்தால் அன்று ஊதுவதில்லை. முற்காலத்தில் சனிக்கிழமையில் ஊதுவது ஜெரூசலத்து ஆலயத்துக்கு மாத்திரமே உரியதாக இருந்தது. 70 ஆம் ஆண்டில் உரோமர்கள் ஆலயத்தை அழித்த பின்னர் யவ்னே என்ற ஊரில் சனிக்கிழமை புத்தாண்டு வந்தது. ஊதலாமா என்று விவாதிக்க வேண்டும் என்றனர் சிலர். முதலில் ஊதுவோம், பிறகு விவாதிப்போம் என்றார் யோகனான் பென் சக்காய். ஊதி முடிந்ததும் அவர்கள் விவாதத்துக்கு வந்தனர். கொம்பொலி யவ்னேயில் கேட்டாகிவிட்டது, நடந்து முடிந்த பின்னர் விவாதம் எதற்கு என்று அவர் முடித்துவிட்டதாகத் தல்மூத் கூறுகிறது. ஆலயம் எரிந்துபோன மக்கள் எவ்வாறு பிழைத்துக்கொண்டனர் என்பதற்கு இந்தச் சிறிய கதை போதும்.

இந்த ஷோபரைப் பற்றி வாசித்தபோதுதான் நான் சற்றும் எதிர்பாராத ஒன்றைக் கண்டேன்.

தோரா கட்டளையிடும் ஒலிக்கு 'தெரூவா' என்று பெயர். அது எப்படிப்பட்ட ஒலி என்பதில் பிற்கால அறிஞர்களுக்கு ஐயம் எழுந்தது. அரமேய மொழிபெயர்ப்பில் அதற்கு 'யெபாபா' என்ற சொல் ஆளப்பட்டிருப்பதை அவர்கள் கண்டனர். புலம்பல் என்பது அதன் பொருள். எபிரேய வேதத்தில் அதே வேரிலிருந்து பிறந்த வினைச்சொல், சிசெராவின் தாய் யன்னலோரம் நின்று புலம்பியதைச் சொல்லும் இடத்தில் வருகிறது. ஆகவே, அந்தத் தாய் எப்படி அழுதாளோ, அப்படியே கொம்பும் ஒலிக்க வேண்டும் என்று தல்மூத் அறிஞர்கள் தீர்மானித்தனர்.

யார் இந்தச் சிசெரா? தொள்ளாயிரம் இரும்பு இரதங்களுடன் இஸ்ரவேலரை அச்சுறுத்திய கானானியப் படைத்தளபதி. போரில் தோற்று ஓடிய அவனை யாகேல் என்ற பெண் கூடாரத்து முளையால் குத்திக் கொன்ற கதையை நியாயாதிபதிகள் நூல் கூறுகிறது. வெற்றியைப் பாடும் தெபோராளின் பாடல், மகனின் இரதம் ஏன் இன்னும் வரவில்லை என்று யன்னலில் காத்திருக்கும் அவனது தாயைக் காட்டுகிறது. கொள்ளைப் பொருளைப் பங்கிடுவதால் தாமதமாகியிருக்கும் என்று அருகிலிருந்த பெண்கள் அவளைத் தேற்றுகின்றனர். அப்பாடல் அவளுக்காக இரங்கவில்லை என்பதை மறைக்கத் தேவையில்லை. அது வென்றவர்களின் பாடல். ஆனால், பல நூற்றாண்டுகளுக்குப் பின்னர் வந்த அறிஞர்கள், தம் மக்களின் அதிபுனித ஒலிக்கு இலக்கணம் தேடியபோது எதிரியின் தாயின் அழுகையிடமே போய்ச் சேர்ந்தனர்.

அவள் நீண்ட பெருமூச்சாக விம்மினாளா, விட்டுவிட்டுத் தேம்பினாளா என்பதில் அவர்களிடையே கருத்துவேறுபாடு இருந்தது. 300 ஆம் ஆண்டளவில் செசரியாவில் வாழ்ந்த அபாகு என்ற அறிஞர் இரண்டையும் சேர்த்து ஊதும் ஒழுங்கை ஏற்படுத்தினார். இன்றும் அவ்வாறே ஊதுகின்றனர். நூறு தடவைகள் ஊதுவது அத்தாயின் நூறு புலம்பல்களுக்கு ஈடாகவே என்று ஒரு மத்தியகால மரபும் உண்டு. அந்த இரு நாட்களிலும் வாசிக்கப்படும் வேதப் பகுதிகளும் தாய்மாரின் கதைகளே. பாலைவனத்தில் தாகத்தால் சாகப்போகும் மகன் இஸ்மவேலைப் பார்க்கச் சகியாமல் தள்ளியிருந்து அழும் ஆகார், பிள்ளைக்காக ஆலயத்தில் அழும் அன்னாள், பிள்ளைகளை இழந்து தேற்றமுடியாதவளாக அழும் ராகேல் ஆகியோரின் கதைகள். ஆபிரகாம் மகன் ஈசாக்கைப் பலியிடப் போன கதை இரண்டாம் நாளுக்குரியது.

இதை வாசித்தபோது எனக்கு ஒரு தாயின் நினைவு வந்தது. 2002 பெப்ரவரியில் போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தான பிறகு, தென்னிலங்கைக் கிராமமொன்றுக்குச் செய்தி சேகரிக்கச் சென்றிருந்தேன். அங்கே வடக்குப் போர்முனையில் காணாமல்போன சிப்பாய் ஒருவனின் வீட்டுக்கு என்னை அழைத்துச் சென்றனர். அவனது சைக்கிளைத் துடைத்து எண்ணெய் போட்டு வைத்திருந்தார் அந்தச் சிங்களத் தாய். நான் தமிழன், வடக்கைச் சேர்ந்தவன் என்று தெரிந்ததும் அவர் முகம் மாறவில்லை. மாறாக, எனக்கு அருகில் வந்து, "மகன், நீங்கள் அங்கே எங்கேயாவது இவனைக் கண்டீர்களா?" என்று கேட்டார். எங்கள் அலுவலக வாசலில் காணாமல்போன பிள்ளைகளின் புகைப்படங்களுடன் வந்து நின்ற எத்தனையோ தமிழ்த் தாய்மார் கேட்ட அதே கேள்வி. அதே சொற்கள், வேறு மொழியில்.

கொழும்பு திரும்பி உடன்படிக்கையின் அரசியலைப் பற்றி ஒரு முழுப்பக்கக் கட்டுரை எழுதினேன். அந்தத் தாயைப் பற்றி ஒரு வரியும் எழுதவில்லை. எழுதவேண்டாமென்று எவரும் எனக்குச் சொல்லவில்லை. எங்கள் வாசகர்கள் விரும்பமாட்டார்கள் என்று நானே தீர்மானித்துக்கொண்டேன். மறுதரப்பின் இழப்பு எங்கள் பக்கங்களில் எண்ணாக மாத்திரமே இருந்தது; எங்கள் இழப்பு அவர்களின் பத்திரிகைகளில் அவ்வாறே இருந்தது. ஓர் எண்ணுக்கு யன்னலோரம் காத்திருக்கும் தாய் கிடையாது.

மரபும் வரலாறும்

இவ்வளவு உயர்ந்த மரபு இருந்தும் அது இஸ்ரேல் என்ற அரசின் நடத்தையில் தெரிகிறதா என்று வாசகர்கள் கேட்கக்கூடும். நியாயமான கேள்வி. வரலாறு இதற்கு ஒரே பதிலைத் தரவில்லை.

1943 இல் புத்தாண்டு நாட்களில் யூதர்கள் வீடுகளில் இருப்பார்கள் என்பதை அறிந்த நாஸிகள், டென்மார்க் யூதர்கள் அனைவரையும் ஒக்டோபர் முதலாம் திகதி இரவு கைதுசெய்யத் திட்டமிட்டனர். டக்விற்ஸ் என்ற ஜேர்மனிய அதிகாரியே அச்செய்தியை முன்கூட்டி வெளியிட்டார். செப்டெம்பர் 29 ஆம் திகதி காலை கொப்பன்ஹேகன் தொழுகைக்கூடத்தில் ரபி மெல்கியோர் வழிபாட்டை நிறுத்தி, உடனே தலைமறைவாகுமாறு மக்களை எச்சரித்தார். அயலவர்களும் மீனவர்களும் துணைநின்றதால் ஏழாயிரத்துக்கும் அதிகமான யூதர்கள் கடல் கடந்து சுவீடனில் உயிர்தப்பினர். வாழ்வின் புத்தகத்தில் அவர்களின் பெயர்களை எழுதியவர்களில் எதிரி நாட்டு அதிகாரி ஒருவரும் இருந்தார் என்றே கூற வேண்டும்.

1982 செப்டெம்பர் 17 ஆம் திகதி மாலை 5743 ஆவது ஆண்டு பிறந்தபோது, இஸ்ரேலியப் படையின் கட்டுப்பாட்டிலிருந்த பெய்ரூத்தில் சப்ரா, ஷட்டிலா பலஸ்தீன அகதி முகாம்களில் லெபனானிய பலாஞ்சிஸ்ட் ஆயுதக்குழு படுகொலையை நடத்திக்கொண்டிருந்தது. கொலைகள் 16 ஆம் திகதி தொடங்கி 18 ஆம் திகதி வரை நீடித்தன. செய்தி வெளியானதும், புத்தாண்டுக்கும் யோம் கிப்பூருக்கும் இடைப்பட்ட அந்த மனமாற்ற நாட்களில், செப்டெம்பர் 25 ஆம் திகதி ரெல் அவிவ் நகரில் இலட்சக்கணக்கானோர் திரண்டு, தமது அரசாங்கமே பதில் கூற வேண்டுமென்று கோரினர். அதன் விளைவாக அமைக்கப்பட்ட கஹான் ஆணைக்குழு 1983 பெப்ரவரியில் அறிக்கை வெளியிட, பாதுகாப்பு அமைச்சர் ஏரியல் ஷரோன் அப்பதவியிலிருந்து இறங்க நேர்ந்தது. இறந்தவர்கள் அதனால் எழுந்து வரவில்லை. ஆயினும், தம்முடைய பக்கத்தின் கணக்கைத் தாமே பார்க்கக் கோரி ஒரு மக்கள் கூட்டம் தெருவுக்கு வந்தது.

2023 செப்டெம்பரில் 5784 ஆவது ஆண்டு பிறந்து மூன்று வாரங்களில், ஒக்டோபர் 7 ஆம் திகதி ஹமாஸ் நடத்திய தாக்குதலில் சுமார் 1200 பேர் கொல்லப்பட்டனர். அதன் பின்னரான போரில் காஸாவில் பல்லாயிரக்கணக்கான பலஸ்தீனர்கள் கொல்லப்பட்டனர். அவர்களில் பெருந்தொகையானோர் பெண்களும் குழந்தைகளும். இரு பக்கத்திலும் யன்னலோரத்தில் எத்தனை தாய்மார்!

கொம்பொலி ஆண்டுதோறும் கேட்கிறது. கேட்பதும் கேளாமல் விடுவதும் மனிதர் பொறுப்பு. அதை யூதர்களுக்கு மாத்திரம் கூறுவதற்கு எனக்கு அருகதையில்லை. எங்கள் போர் 2009 மே மாதம் முடிவுக்கு வந்தது. காணாமல்போனவர்களின் தாய்மார் அதன் பிறகும் ஆண்டுக்கணக்கில் வீதியோரங்களில் புகைப்படங்களுடன் அமர்ந்திருந்தார்கள். பலர் பதிலின்றியே கண்மூடினார்கள். தென்னிலங்கையில் சைக்கிளைத் துடைத்து வைத்திருந்த அந்தத் தாய் இன்று இருக்கிறாரோ இல்லையோ, நான் அறியேன்.

ஏழாவது மாதத்தில் எப்படிப் புத்தாண்டு வரும் என்று கேட்ட என் மூத்த ஆசிரியருக்கு இன்று இவ்வாறு பதில் கூறுவேன். ஐயா, ஆண்டின் நடுவே நின்று இதுவரை செய்ததைத் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு நாள் தேவை. அதைத்தான் அவர்கள் தலைநாள் என்கிறார்கள்.

தீங்கிழைக்கப்பட்டவரை நேரில் கண்டு சமாதானப்படுத்தாதவரை மன்னிப்பு இல்லை என்று மிஷ்னா கூறுகிறது. அந்தத் தாயிடம் போவதற்கு எனக்கு இப்போது வழியில்லை. 2002 இல் எழுதாமல் விட்ட அந்த ஒரு வரியையாவது இங்கே எழுதி வைக்கிறேன். அவர் தன் மகனைக் கண்டீர்களா என்று என்னிடம் கேட்டார்.